மற்றச் சப்பாத்து

மருதனார்மடத்தில், சந்தைக்குப் பின்பக்கமாக உள்ள ஓர் ஓட்டு மண்டபத்தில், கிழமையில் சில பின்னேரங்கள் நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் கொஞ்சக் காலம் வீட்டில் இருந்து பார்த்தேன். நான் வீட்டில் இருப்பதை என் மனைவியும் பார்த்தாள். ஒரு மாதத்துக்குள் அந்த மண்டபத்தை அவளே தேடிப் பிடித்து, வாடகையும் பேசி முடித்துவிட்டாள்.

மாணவர்கள் என்றால் காற்சட்டைப் பிள்ளைகள் அல்ல. எல்லோரும் வளர்ந்தவர்கள், எல்லோரும் எங்கேயோ போகக் காத்திருப்பவர்கள். கணவன் கூப்பிடும்வரை காத்திருக்கும் பெண்கள், விசா வரும்வரை காத்திருக்கும் இளந்தாரிகள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவதற்கு மகளின் அழைப்புக் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். ஆகவே, காத்திருப்பதைப் பற்றி வெள்ளைக்காரர் என்னென்ன மரபுத்தொடர் வைத்திருக்கிறார்கள் என்று கற்பித்தால் வகுப்புக்குப் பொருத்தமாயிருக்கும் என்று நினைத்தேன். அந்த யோசனை வந்த நாட்களில் நானும் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அது தற்செயல் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

நான் காத்திருந்தது என் தொண்டையைப் பற்றிய முடிவுக்காக. தைப்பொங்கலோடு அடைத்த குரல் சித்திரை வருடப்பிறப்பு வந்தும் திறக்கவில்லை. முதல் சில கிழமைகள் வீட்டில் ஒரு நிம்மதி நிலவியதாகவும், அயலவர்கள்கூட அதைப் பற்றி நல்லமாதிரிச் சொன்னதாகவும் மனைவி அறிவித்தாள். பிறகு கொத்தமல்லி அவித்துத் தந்தாள். ஆடாதோடை அவித்துத் தந்தாள். மிளகும் கற்கண்டும் வாய்க்குள் அடக்கச் சொன்னாள். ஒன்றும் சரிவராமல் யாழ்ப்பாணம் போய்க் காட்டியபோது, கமரா பூட்டிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, குரல்நாணிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு மூன்று கிழமை செல்லும் என்றார்கள். கதைப்பதைக் குறைக்கவும் சொன்னார்கள். அதனால்தான் எழுத்தில் நீட்டுகிறேன்.

வகுப்பில் முதல் நாள் கொக்கிகளைப் பற்றிச் சொன்னேன். நெய்த கம்பளித் துணியைத் தோய்த்துக் காயவிடும்போது சுருங்காமல் இருக்க, ஒரு மரச்சட்டத்தின் நாலு பக்கமும் கொக்கி அடித்து, துணியை இழுத்து மாட்டிவிடுவார்களாம். பதைபதைப்போடு காத்திருக்கிறவனை அந்தக் கொக்கிகளில் மாட்டப்பட்டவன் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். வகுப்பு மரியாதையாகக் குறித்துக்கொண்டது. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கம்பளியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு எங்கள் வெயிலில் ஒருவருக்கும் நேரமில்லை.

அடுத்த வகுப்பில் சப்பாத்துக் கதைக்கு வந்தேன். மற்றச் சப்பாத்து விழும்வரை காத்திருப்பது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. கதை இதுதான். ஒரு நகரத்தில் மாடி வீடு. கீழே ஒருவர் குடியிருக்கிறார், மேலே ஒருவர். மேலே இருப்பவர் வேலை முடிந்து பிந்தி வந்து, கட்டிலில் குந்தி, ஒரு சப்பாத்தைக் கழற்றித் தொப்பென்று போடுகிறார். போட்ட பிறகுதான் கீழே ஒரு மனிதன் நித்திரையாயிருப்பானே என்ற நினைப்பு வருகிறது. மற்றச் சப்பாத்தை மெதுவாகக் கழற்றி, பூப்போலத் தரையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார். கீழே இருப்பவர் முதற் சத்தத்தில் விழித்துவிட்டார். இரண்டாவது சத்தம் வரட்டும், பிறகு கண்ணை மூடுவோம் என்று பார்த்துக்கொண்டே கிடக்கிறார். அது வரவேயில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் முகட்டைப் பார்த்துக் கத்துகிறார், மற்றதையும் போட்டுத் துலையும், நான் படுக்கவேண்டும் என்று.

இது உண்மையில் நடந்ததா என்பது ஒருவருக்கும் தெரியாது. அமெரிக்காவின் பெரிய நகரங்களில், பிழைப்புத் தேடி வந்த சனங்களை ஒருவர் தலைக்குமேல் ஒருவராகக் குடியிருத்திய காலத்தில், பலகைத் தளத்தின் சத்தமெல்லாம் கீழ்வீட்டுக்குக் கேட்ட காலத்தில், மேடைகளில் சொல்லிச் சிரித்த பகிடி என்கிறார்கள். நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. பகிடி தேய்ந்து, அதன் வால் மட்டும் மிஞ்சி மரபுத்தொடராகிவிட்டது. ஒன்று நடந்துவிட்டது, அதன் சோடியும் நடக்கத்தான் போகிறது, ஆனால் எப்போது என்று தெரியாது. அந்த நிலைக்கு இதைச் சொல்வார்கள். நல்ல விசயம் எதற்கும் பெரும்பாலும் சொல்வதில்லை.

நான் இதை மிக நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். கரகரத்த குரலுக்குக் கீழ்வீட்டுக்காரனின் எரிச்சல் நன்றாகப் பொருந்தி வந்தது. முடித்துவிட்டுச் சிரிப்பை எதிர்பார்த்து நின்றேன். லண்டன் போகக் காத்திருக்கும் பெண், முன் வாங்கில் இருப்பவள், கையை உயர்த்தினாள்.

“சேர், அந்த ஆள் சப்பாத்தோடையோ அறைக்குள்ளை போனவர்?”

அதோடு வகுப்பு என் கையைவிட்டுப் போய்விட்டது. அறைக்குள் மட்டுமல்ல, கட்டில் வரைக்கும் போயிருக்கிறார் என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். தெருவெல்லாம் மிதித்துவிட்டு வந்த சப்பாத்து என்று ஒரு பெண் முகத்தைச் சுளித்தாள். கால் கழுவினதாகவும் கதையில் இல்லையே என்று தபாலதிபர் கேட்டார். குளிர் நாடு, வாசலில் கழற்ற முடியாது என்று விளக்கினேன். தன் மகள் இருப்பதும் குளிர் நாடுதான், அவள் வாசலில்தான் கழற்றுகிறாள் என்று அவர் சொன்னார். எல்லோரும் மண்டபத்தின் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அவர்களுடைய செருப்புகள், என்னுடையதும் சேர்ந்து, குவியலாய்க் கிடந்தன.

எங்கள் ஊரில் இந்தக் கதை நடக்கவே நடக்காது என்று வகுப்பு தீர்மானித்தது. வாசலில் கழற்றினால் மற்றச் செருப்பு விழும் என்று ஒருவரும் காத்திருப்பதில்லை. விடிய எழும்பி, மற்றச் செருப்பை எந்த நாய் எந்த வேலிக்குள் கொண்டுபோய்ப் போட்டது என்று தேடுவதுதான் எங்கள் வேலை. மேல்மாடியும் கதைக்குத் தடையாயிருந்தது. எங்கள் சண்டிலிப்பாயிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்போது மாடி வீட்டுக்குக் குறைவில்லை, வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஆனால் மேலே எதையாவது போட்டுச் சத்தம் எழுப்ப ஆள் இல்லை. கட்டினவர்கள் வந்தால் இருப்பதற்கென்று பூட்டிக் கிடக்கிறது. என் வீட்டு மேல்மாடியும் அப்படித்தான், மகன் கனடாவிலிருந்து வரும்போது மட்டும் திறக்கும்.

சரி, இதற்கு ஈடாகத் தமிழில் என்ன சொல்வோம் என்று கேட்டேன். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்றார்கள். முள்ளுமேல் நிற்கிறது என்றார்கள். வழிமேல் விழி வைப்பது என்று ஒரு பெண் சொல்லிவிட்டு, தானே வெட்கப்பட்டாள். எல்லாம் நல்ல சொற்கள். ஆனால் ஒன்றிலும் சோடி இல்லை. முதலாவது விழுந்து இரண்டாவதுக்குக் காத்திருக்கிற அந்தக் கணக்கு ஒன்றிலும் வரவில்லை. யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, நானும் யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் வல்வெட்டித்துறைக்காரி. தகப்பன், தமையன், பெரியப்பன் எல்லோரும் கடற்றொழிலுக்குப் போனவர்கள். நானோ புகையிலையும் மரக்கறியும் போடுகிற வீட்டுப் பிள்ளை. எங்கள் கலியாணத்துக்கு இரண்டு பக்கத்திலும் ஒருவரும் சிரித்த முகத்தோடு நிற்கவில்லை என்பது படத்தைப் பார்த்தால் இப்போதும் தெரியும். இத்தனை வருடம் என்னோடு இருந்தும் சண்டிலிப்பாய்ப் பக்கம் சைக்கிளில் கொண்டுவருகிற மீனை மீன் என்று அவள் இன்னும் ஒப்புக்கொண்டதில்லை. அன்றும் ஏதோ குறை சொல்லித்தான் வெட்டினாள். நான் சப்பாத்துக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, மேலே இருந்தவன் பாவம் என்றாள்.

மேலே இருந்தவனா என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டது, இவள் சப்பாத்துக்காரனைப் பிடித்துக்கொண்டாள். அவன் நல்ல மனிதன், கீழே இருப்பவனை நினைத்துத்தானே மெதுவாக வைத்தான், அதற்குப்போய்க் கத்துகிறவனுக்கு மனச்சாட்சி இல்லையா என்று அவள் கேட்டாள். நல்ல மனிதனாய் இருந்ததால்தானே கீழே இருந்தவனின் நித்திரை போனது என்று நான் சொன்னேன். இரண்டையும் சத்தமாகப் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் விசயம் முடிந்திருக்கும். அவள் மீன் தலையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கதைக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினாள்.

அன்றைக்குத்தான் எனக்கு விசயம் வெளித்தது. எங்களிடம் அந்த மரபுத்தொடர் இல்லாமல் இருக்கலாம், ஆனால் எங்கள் சனம் முழுவதும் மேல்வீட்டுக்காரர்தான். ஒரு கெட்ட செய்தியை முழுதாய்ச் சொல்லிய யாழ்ப்பாணத்தானை நான் கண்டதில்லை. முதலாவதைத் தொப்பென்று போடுவோம். மற்றதைப் பூப்போல வைப்போம். ஆளுக்குச் சுகமில்லை என்றால் ஆசுபத்திரியில் என்று அர்த்தம். ஆள் கடுமை, வெளிக்கிட்டு வாங்கோ என்றால் குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளுகிறார்கள் என்று அர்த்தம். சொல்கிறவருக்கும் இது தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் முறையை மீறுவதில்லை.

என் மனைவியின் தமையன் போனதும் அப்படித்தான். போன வருடம், ஒரு காலையில், அவள் கிணற்றடியில் நின்ற நேரம் எனக்கு அழைப்பு வந்தது. அண்ணை கடுமையாம், கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார்கள். எனக்கு விளங்கிவிட்டது. நான் கிணற்றடிக்குப் போய், அண்ணைக்குக் கொஞ்சம் காய்ச்சலாம், ஒருக்காப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொன்னேன். வான் ஒன்றைப் பிடித்தேன். அச்சுவேலி வரும்போது, ஆசுபத்திரியில் மறித்து வாட்டில் விட்டிருக்கிறார்களாம் என்றேன். அவள் ஓம் என்றாள். தொண்டைமானாற்றுப் பாலம் வரும்போது, கொஞ்சம் கடுமைதானாம் என்றேன். அதற்கும் ஓம் என்றாள். மிச்சத்தை எங்கே சொல்வது என்று வியர்த்துக்கொண்டு வந்தேன். நான் சொல்வதற்குள் ஒழுங்கை முகப்பில் பறைச் சத்தம் கேட்டுவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் அவள் சொன்னாள், கிணற்றடியிலேயே தனக்குத் தெரியும் என்று. காய்ச்சலுக்கு ஆராவது வான் பிடிப்பார்களா, அதுவும் உங்களைப்போல ஒரு ஆள் என்று கேட்டாள். அப்படியென்றால் ஏன் பேசாமல் வந்தீர் என்று கேட்டேன். நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள், இடையில் மறிக்க மனம் வரவில்லை என்றாள். அன்று வான் ஓட்டி வந்தவரும் தலையை ஆட்டி ஆட்டி எனக்கு ஒத்துழைத்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாயிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த மனிதனை ஏமாற்ற முடியாது என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

சோதனை முடிவை வாங்குகிற நாள் வந்தது. எனக்கு வகுப்பு இருந்தது. வகுப்பை விட வேண்டாம், நாங்கள் போய் எடுத்துக்கொண்டு வருகிறோம் என்று மனைவி சொன்னாள். நாங்கள் என்றால் அவளும், வல்வெட்டித்துறையிலிருந்து முதல் நாளே வந்துவிட்ட அவளுடைய தங்கச்சியும். வகுப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது மேசையில் அப்பிளும் தோடம்பழமும் இருந்தன. எங்கள் வீட்டில் வாழைப்பழம்தான் பழம். அப்பிள் என்பது ஆசுபத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்குக் கொண்டுபோவது. நான் அப்பிளைப் பார்த்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

“ஒண்டுமில்லையாம்,” என்றாள் மனைவி. “ஒருக்காத் தெல்லிப்பழையிலை காட்டச் சொன்னவர்.”

வெளியூர்க்காரருக்குத் தெல்லிப்பழை என்றால் கோவில் ஞாபகம் வரலாம். வலிகாமத்தில், அதுவும் சோதனை முடிவோடு வந்து ஒருவர் தெல்லிப்பழையில் காட்டச் சொன்னார்கள் என்றால், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் விளங்கும், அங்கே புற்றுநோய்க்குத்தான் அனுப்புவார்கள் என்று. முதற் சப்பாத்து விழுந்துவிட்டது. நான் ஓம் என்றேன். கையை நீட்டி ஒரு அப்பிளையும் எடுத்துக் கடித்தேன். அது மாவாய் இருந்தது. நல்ல அப்பிள் என்று சொன்னேன்.

அதன் பிறகு, அன்று அவளை ஏற்றியது போல, நானும் அந்த வானில் ஏற்றப்பட்டுவிட்டேன். தங்கச்சிக்காரி சும்மா வந்தேன் என்றாள். பெரிய பையோடும் தன் தலையணையோடும் வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவரும் சும்மா வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அழைப்பெடுக்கிற மகன் ஒவ்வொரு நாளும் எடுக்கத் தொடங்கினான். எடுத்தால் தாயோடுதான் கதைப்பான், விமானச் சீட்டு விலையைப் பற்றியும் பனியைப் பற்றியும். இப்போது என்னைக் கேட்டான். அப்பா சாப்பிட்டீங்களோ என்றான். அதற்குமேல் என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை, என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு ஆம்பிளைகளும் திரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவோம்.

தெல்லிப்பழைக்குப் போகிற திகதியும் குறித்தாகிவிட்டது. சும்மா பார்க்கத்தானே என்று அவள் சொன்னாள். சும்மா பார்க்கத்தான் என்று நானும் சொன்னேன்.

இவையெல்லாவற்றையும் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது சம்பல் விசயம். ஒரு காலையில் சம்பலில் உப்புக் கூடிவிட்டது என்று வழக்கம்போலக் குறை சொன்னேன். வழக்கமாக இதற்கு வருகிற பதில் எனக்குப் பாடம். என் நாக்கைப் பற்றியும், என் தாயின் சமையலைப் பற்றியும், உப்பு அருமை தெரியாத தோட்டக்காரரைப் பற்றியும் வரும். அன்றைக்கு அவள், ஓம், கூடித்தான் போச்சு என்றாள். எழும்பிப் போய் எனக்கென்று வேறு சம்பல் அரைத்துக்கொண்டு வந்தாள். நான் சாகப் போகிறேன் என்று அப்போதுதான் முதன்முதலாக நம்பினேன்.

வகுப்பிலும் நிலைமை நன்றாயில்லை. லண்டன் பெண் மரபுத்தொடரைப் பயன்படுத்தி ஒரு வசனம் எழுதிக் காட்டினாள், விசா கிடைத்துவிட்டது என்று கணவர் சொல்லிவிட்டார், நான் மற்றச் சப்பாத்துக்குக் காத்திருக்கிறேன் என்று. நல்ல செய்திக்கு அதைச் சொல்வதில்லை என்று திருத்தினேன். “சேர், கணவர் எண்டால் மற்றது ஏதேனும் இருக்கும்தானே,” என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். கேட்காமல் விட்டதற்குக் காரணம் வீரம் அல்ல. அவள் அவ்வளவு கஷ்டப்பட்டு நடித்துக்கொண்டிருந்தாள், இடையில் மறிக்க எனக்கும் மனம் வரவில்லை. எனக்குத் தெரியாதென்று அவள் நம்புவதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருக்குமென்றால் இருக்கட்டும் என்று விட்டேன். அது என் பெருந்தன்மை என்றும் கொஞ்சம் நினைத்துக்கொண்டேன்.

ஒரு விடியற்காலை தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். அவள் அடுப்பு மூட்டாமல், லைற் போடாமல், கதிரையில் இருந்தாள். தேத்தண்ணிக் கேத்தல் மடியில் இருந்தது. அதை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, காஸ் முடிந்துவிட்டதோ தெரியவில்லை என்றாள். காஸ் முதல் நாள்தான் மாற்றியது, மாற்றியவன் நான். அவள் முகம் வற்றிப் போயிருந்தது. இத்தனை நாளும் நான் என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் இருட்டுக்குள் குந்திக்கொண்டிருக்கிறவளைப் பார்க்கவில்லை. மேலே இருந்தவன் பாவம் என்று அவள் சொன்னபோது நான் வாதாடி வென்றதாக நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் தங்கச்சிக்காரி எனக்காக நேர்ந்த வடைமாலையைச் சாத்த மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போனாள். நேர்த்தி எனக்கென்று சொல்லவில்லை, பொதுவாக என்றாள். மனைவி புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

“இஞ்சரப்பா,” என்றேன். “எனக்கு எல்லாம் தெரியும். நீர் இனி ஒளிக்க வேண்டாம். புற்றுத்தானே?”

அவள் தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தாள்.

“எனக்குத் தெரியாது,” என்றாள்.

இன்னும் நடிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபமும் வந்தது. மறைக்கிறதற்கும் ஒரு அளவு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தேங்காய்ப்பூக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். டொக்டர் கூப்பிட்டு இருத்தி, உங்கடை அவருக்கு என்று தொடங்கினாராம். இவள் அவரை மறித்து, கனடாவில் இருக்கிற மகனுக்கு அழைப்பெடுத்து, கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, மகனுக்குச் சொல்லுங்கோ, அவனுக்கு இங்கிலீசு விளங்கும் என்று சொல்லிவிட்டு, தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு வெளியே போய் வாங்கில் இருந்துவிட்டாளாம். டொக்டர் தமிழர். பருத்தித்துறைப் பக்கத்துத் தமிழில்தான் அதுவரை அவளோடு கதைத்துக்கொண்டிருந்தவர். கதைத்து முடித்துக் கைப்பேசியைத் திருப்பித் தந்தபோது, எதற்கும் முதலில் தெல்லிப்பழையில் காட்டுங்கோ என்றாராம். மகன், ஒண்டுமில்லை அம்மா, அவையள் வடிவாப் பாப்பினம் என்றானாம். அதற்குமேல் இவள் கேட்கவில்லை.

இந்த வீட்டில் மூன்று பேர் இவ்வளவு நாளாக ஒரு இரகசியத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம். அந்த இரகசியம் எங்களில் ஒருவரிடமும் இல்லை.

“நீர் ஏன் கேக்கேல்லை?” என்றேன்.

“கேட்டால் எனக்குத் தெரிஞ்சு போடும். தெரிஞ்சால் என்ரை முகத்திலை நீங்கள் வாசிச்சுப் போடுவியள்.”

கைப்பேசியைக் கையில் எடுத்தேன். கனடாவில் அப்போது காலை. மகன் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். நான் அழைப்பெடுத்தேன். முதல் மணி முழுதாக அடிக்க முன்னமே எடுத்துவிட்டான். காருக்குள் இருந்தான். கார் ஓடவில்லை. என் முகத்தைக் கண்டதும் அவன் முகம் மாறியது. நான் கேட்பதற்கு ஒரு வசனத்தில் பதில் சொல் என்று, பள்ளிக்கூடத்தில் பேசுவது போலச் சொன்னேன். அவன் அம்மா பக்கத்தில் நிற்கிறாவோ என்று கேட்டான். நிற்கிறா என்றேன். அம்மாவுக்குத் தெரியுமோ என்றான். தெரியாது என்றேன். அப்படியென்றால் அம்மாவைக் கொஞ்சம் அங்கால் போகச் சொல்லுங்கோ என்றான்.

“நான் போகமாட்டன்,” என்றாள் அவள். என் தோளோடு தோள் முட்ட வந்து நின்றாள்.

மகன் கொஞ்ச நேரம் கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். பிறகு சொன்னான். “புற்றுத்தான் அப்பா. தொடக்கத்திலையே பிடிச்சிட்டினம். கதிர்ச் சிகிச்சை செய்தால் மாறுமெண்டுதான் டொக்டர் சொன்னவர். ஆனா குரல் பழையபடி வருமோ எண்டு சொல்லேலாதாம்.” சொல்லி முடித்ததும் வளர்ந்த மனிதன், தாடி வைத்தவன், காருக்குள் இருந்து அழத் தொடங்கினான். அந்தத் தூர தேசத்தில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், இவ்வளவு நாளும் இதை அவன் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் எடுத்து, சாப்பிட்டீங்களோ என்று மட்டும் கேட்டிருக்கிறான். என்னை நினைத்து வராத துக்கம் அவனை நினைத்து எனக்கு வந்தது. சரியடா தம்பி, சொல்லிப் போட்டாய்தானே, வேலைக்குப் போ என்றேன்.

கைப்பேசியை மேசையில் வைத்தேன். கதிரையில் இருந்தபோது உடம்பு ஏனோ லேசாயிருந்தது. செய்தி கெட்டது, ஆனால் அது முழுச் செய்தி. அதற்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு வைத்தியம் இருந்தது. மனைவி எனக்கு முன்னால் இருந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. குரல் போனால் போகட்டும், நீங்கள் இருந்தால் காணும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். அப்படி ஒரு வசனத்தை அவள் இதற்குமுன் என்னிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் கூச்சம் வந்தோ என்னவோ, அயலவர்களுக்கும் நல்லது என்று சேர்த்துக்கொண்டாள்.

வெளியே ஆரோ கூப்பிட்டு மரக்கறி விற்றுக்கொண்டு போனார்கள்.

“ஏதேனும் கதையுங்கோ,” என்றாள்.

கதைக்கக்கூடாது என்று நீர்தானே நெடுகச் சொல்கிறீர் என்றேன். பரவாயில்லை, இந்தக் குரல் இருக்கேக்கை ஒருக்காக் கேட்போம் என்றாள். என்ன கதைக்க என்று கேட்டேன். என்னவும் என்றாள். வாழ்நாள் முழுவதும் கதைத்தே சம்பளம் வாங்கியவன் நான். இரண்டு பாசையில் கதைத்தவன். அந்த நேரம் எனக்கு வந்தது ஒரே ஒரு சொல்.

அவளுடைய பெயரைச் சொன்னேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து இஞ்சரப்பா என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். அவள் பெயரை நான் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன், அவளிடம் சொன்னதில்லை. கரகரத்து, பாதியில் உடைந்து வெளியே வந்தது.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ,” என்றாள்.